குணசேகர் மேசைக்கு வந்த லேப்டாப்

எங்கள் ஆபீசில் ஒருவரை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள் என்றால் முதலில் போவது அவருடைய வைஃபை. பேச்சு, கடிதம் எல்லாம் பிறகுதான். இங்கே வைஃபைக்கென்று தனியாகப் பாஸ்வேர்ட் கிடையாது, ஆபீஸ் கணக்கின் பாஸ்வேர்டேதான். கணக்கை மூடியதும் லேப்டாப் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்கும். எதைப் போட்டாலும் தப்பு என்று சொல்லும். அந்த ஆள் பாவம், லேப்டாப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதைக் கையில் தூக்கியபடி எங்கள் ஹெல்ப் டெஸ்குக்கு வருவார். அங்கே குணசேகர் உட்கார்ந்திருப்பார்.

நான் ஆம்ப்ரோஸ். வைட்ஃபீல்டில் இருக்கும் அந்த ஆபீசில் குணசேகருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவரும் நானும் கோலார் தங்கவயல்காரர்கள்தான். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது குணசேகருக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மற்ற பையன்களைப் போல அவரும் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வந்தார். புதுக் கட்டடங்களில் ஏணி மேல் நின்று, கூரைக்கும் பொய்க்கூரைக்கும் நடுவே தலையை விட்டு நெட்வொர்க் கேபிள் இழுத்தார். தூசி மூக்கில் ஏறி ஏறி, இன்றைக்கும் பேச ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை செருமுவார். அப்புறம், அப்படிக் கேபிள் இழுத்த இந்த ஆபீசிலேயே ஹெல்ப் டெஸ்கில் போட்டார்கள். கல்யாணம் ஆனதும் ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு வந்துவிட்டார்.

அவருக்குக் கடவுள் கொடுத்த சொத்து அந்த முகம். அப்படி ஒரு சாந்தமான முகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. திட்டிக்கொண்டே வருகிறவன்கூட அந்த முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அந்த முகத்தை ஆபீஸ் எதற்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு முறை ஒருத்தன் தன்னை எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து எச்.ஆர். சுனிதா மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஆள் எடுக்கும் நாளில் காலையிலேயே எங்களுக்கு வாய்வழியாகச் செய்தி வரும். வைஃபை போச்சு என்று யார் வந்தாலும் உட்கார வைக்க வேண்டும், லேப்டாப்பை வாங்கிச் சரி செய்வது போலவே செய்துகொண்டிருக்க வேண்டும், எச்.ஆர். கூப்பிடும்வரை அது எங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. யார் யாரை எடுக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வாயை விட்டால் எங்கள் வேலையும் போகும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

நான் இதை ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன். வந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மாதிரி நாட்களில் என்னைப் பிரிண்டர் பக்கம் அனுப்பிவிடுவார்கள். முழு வேலையும் குணசேகர் தலையில் விழுந்தது.

அவர் அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பை வாங்கியதும் முதலில் ஒரு துணியால் மெதுவாகத் துடைப்பார். வைஃபையை அணைத்து மறுபடி போடுவார். ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுப்பார். "டிரைவர் பழசா இருக்கு சார், அதான்," என்பார். பிறகு எதற்கும் உதவாத ஒரு அப்டேட்டை ஓடவிடுவார். அது ஊர்ந்து ஊர்ந்து போகும். அது போகிற வரைக்கும் வந்தவரின் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். "ரெண்டே நிமிஷம், இதோ ஆயிடும்," என்று இடையிடையே சொல்லிக்கொள்வார். மேலே மாடியில் சுனிதா மேடம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருப்பார்.

கணக்குப் பிரிவில் கிருஷ்ணப்பா என்று ஒரு பெரியவர் இருந்தார். மகளுக்கு நிச்சயம் செய்த சந்தோஷத்தில் வீட்டிலிருந்து மைசூர்பாக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் வைஃபை போனது. குணசேகர் அவரை உட்கார வைத்து, மாப்பிள்ளை என்ன வேலை, சத்திரம் எங்கே என்றெல்லாம் கேட்டுக்கொண்டே அப்டேட்டை ஓடவிட்டார். மேலே இருந்து போன் வந்தது. "சார், சுனிதா மேடம் உங்களை ஒரு நிமிஷம் வரச் சொல்றாங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் இதை ரெடி பண்ணி வைக்கிறேன்," என்றார் குணசேகர்.

"ரொம்ப தேங்க்ஸ் குணா. உன் மாதிரி பொறுமையா யாரும் பாக்கறதில்ல இந்த ஆபீஸ்ல," என்று சொல்லிவிட்டு, டப்பாவில் மீதி இருந்த மைசூர்பாக்கையும் மேசையில் வைத்துவிட்டு கிருஷ்ணப்பா மேலே போனார். அதோடு சரி. செக்யூரிட்டி அவரை வேறு லிஃப்டில் கீழே இறக்கிவிட்டான்.

குணசேகர் அந்த டப்பாவை மூடி எடுத்து வைத்தார். நான் வாய் சும்மா இருக்காமல், "எப்படிங்க உங்களால முடியுது?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா மட்டும் அவங்க வேலை திரும்பி வந்துடுமா? கடைசி அரை மணி நேரம் நிம்மதியா உக்காந்துட்டுப் போறாங்க. அவ்ளோதான்," என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். நம்பாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த ஆபீசில் அவருடைய தங்கை ஷோபாவும் வேலை பார்த்தாள். அவளை உள்ளே கொண்டுவந்ததே இவர்தான். சொந்தக்காரர்கள் என்று தெரிந்தால் சிக்கல் என்பதால் ஆபீசில் அவள் இவரை "சார்" என்பாள், இவர் அவளை "மேடம்" என்பார். விஷயம் எனக்கு மட்டும் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் இந்தப் பக்கம் வந்து, "சார், மவுஸ் வேலை செய்யல," என்று சொல்லி ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போவாள். உள்ளே அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருக்கும். ஏசி அறை முழுக்க வாசனை அடிக்கும், நானும் பங்கு வாங்கிக்கொள்வேன்.

ஷோபாவின் புருஷன் முகேஷ் கேப் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அந்தச் செலவு முழுக்க ஷோபாவின் ஆபீஸ் இன்சூரன்ஸில் நடந்தது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் முகேஷும் போவான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆள் எடுக்கிற நாள் வரும்போதெல்லாம் குணசேகர் காலையிலிருந்து லிஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன ஆடி மாதத்தில் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தது. காலையிலேயே செய்தி வந்துவிட்டது. நான் பிரிண்டருக்கு மை மாற்றும் சாக்கில் ஒதுங்கி உட்கார்ந்தேன். முதலில் யாரோ ஒரு புதுப் பையன் வந்தான், போனான். அடுத்து ஒரு பெண் வந்தாள், போனாள். டீ வருகிற நேரத்தில் லிஃப்ட் திறந்தது. ஷோபா இறங்கினாள். கையில் லேப்டாப்.

"சார், வைஃபை கனெக்ட் ஆவல. பாஸ்வேர்ட் கேட்டுக்கினே இருக்கு," என்றாள் சாதாரணமாக.

குணசேகரின் முகத்தில் ஈ ஆடவில்லை. லேப்டாப்பை வாங்கினார். திரையில் அதே கட்டம், அதே பாஸ்வேர்ட் கேள்வி. துணியை எடுக்கவில்லை. அப்டேட் எதையும் ஓடவிடவில்லை. லேப்டாப்பை அப்படியே மூடி மேசையில் வைத்தார். செருமினார்.

"ஷோபா, இங்க உக்காரு."

ஆபீசில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாண்ணா?" என்றாள் மெதுவாக.

"இன்னிக்கு ஆள் எடுக்கறாங்க. வைஃபை போச்சுன்னா அதான் அர்த்தம். உன் பேரு வந்துடுச்சு."

"சும்மா இருண்ணா. வைஃபைதானே போச்சு? யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. எத்தினி பேரை நான் இதே நாற்காலில உக்கார வச்சிருக்கேன்? எல்லாருக்கும் இதேதான்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருக்கு நாளைக்கு டயாலிசிஸ்," என்றாள்.

அதற்குத்தான் குணசேகரிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் ஆபீசில் எல்லோரும் நம்புகிற வழி. முன்பு சுனில் என்று ஒருவன் வேறு இடத்தில் வேலை கிடைத்து, ஒரு நாள் காலையில் ராஜினாமா போட்டான். அன்றைக்கே அவன் பெயரும் எடுக்கிற பட்டியலில் இருந்திருக்கிறது. தானாகவே போட்டுவிட்டான் என்பதால் நல்ல கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழைத்துச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் கடிதத்திலோ வேலைத் திறன் போதாது என்று ஒரு வரி இருக்கும். அடுத்த கம்பெனிக்காரன் விசாரித்தால் அந்த வரிதான் முதலில் கண்ணில் படும். அதிலிருந்து, எச்.ஆர். கூப்பிடுவதற்குள் முந்திக்கொண்டு ராஜினாமா போட்டால் தப்பித்தோம் என்று ஒரு பேச்சு ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பேச்சை நம்பாதவர்களே கிடையாது, நானும் சேர்த்து.

"போன்ல போர்ட்டலைத் திற. சாயங்காலம் வரைக்கும் அதை மூட மாட்டாங்க, சம்பளச் சீட்டு எடுக்கறதுக்காக விட்டு வைப்பாங்க. அவங்க கூப்பிடறதுக்குள்ள நீயே ரிசைன் போட்டுடு. லெட்டர் சுத்தமா இருந்தா உடனே வேற ஆபீஸ் பாத்துக்கலாம். அங்கயும் இன்சூரன்ஸ் இருக்கும். நான் அலையறேன் உனக்காக."

"ஒருவேளை இல்லன்னா?"

"உங்கிட்ட நான் பொய் சொல்வேனா?"

அவள் போனில் போர்ட்டலைத் திறந்தாள். பாஸ்வேர்ட் போட்டாள், திறந்தது. ராஜினாமா பக்கத்துக்குப் போனாள். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று தேர்ந்தெடுத்தாள். கடைசிப் பட்டனுக்கு வந்ததும் விரல் நகரவில்லை. ஐயோ, கையை எடுத்துக்கொண்டு ஓடிவிடு பெண்ணே என்று இப்போது கத்தத் தோன்றுகிறது. அப்போது எனக்கும் பதற்றம்தான், எங்கே எச்.ஆர். போன் அடித்துவிடுமோ என்று. குணசேகர் போனை அவள் கையிலிருந்து வாங்கி, தன் விரலாலேயே அந்தப் பட்டனை அழுத்தினார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். மேலிருந்து போன் வந்தது. வேறு யாரோ ஒருவரைக் கூப்பிட்டார்கள். மறுபடி வந்தது, அதுவும் வேறு ஆள். ஷோபாவைக் கூப்பிடவே இல்லை. குணசேகரின் முகத்தில் களை திரும்ப வந்தது.

"பாத்தியா? முந்திக்கிட்டோம். ரிசைன் போட்டதைப் பாத்துட்டு விட்டுட்டாங்க," என்றார். கேன்டீனுக்குப் போன் போட்டு மூன்று டீயும் வெங்காய போண்டாவும் வரவழைத்தார். தானே அவளுக்குச் சட்னி ஊற்றினார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. இத்தனை பேரை வழியனுப்பிய மனுஷனுக்கு, ஒரே ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஷோபாவும் கொஞ்சம் தெளிந்து போண்டாவைப் பிய்த்துத் தின்றாள்.

வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பைத் திரும்ப வாங்கி, அதிலிருந்து அவருடைய கணக்கை எடுப்பது என் பொறுப்பு. அதற்காக அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். மறுபடி அதே பாஸ்வேர்ட் கேள்வி. சாதாரண நாளில் வைஃபை என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

"பாஸ்வேர்ட் ஏதாவது மாத்துனியாம்மா சமீபத்துல?"

"ஆமாண்ணா. காலைல மாத்து மாத்துன்னு மெயில் வந்துது. மாத்துனேன்."

போண்டா தட்டை வைத்திருந்த குணசேகரின் கை அப்படியே நின்றது.

பாஸ்வேர்டை மாற்றினால் லேப்டாப்பில் வைஃபைக்குப் பழைய பாஸ்வேர்டே பதிவாகி இருக்கும். கேட்கிற இடத்தில் புதுசைப் போட்டாலும் அதையே அனுப்பி அனுப்பித் தோற்றுப்போய், மறுபடி கேட்கும். கணக்கை மூடினாலும் திரையில் இதேதான் தெரியும். எங்களிடம் வருகிற லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதுப் பாஸ்வேர்டைப் போட்டால் தீர்ந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்.

நான் பதிவை நீக்கினேன். லேப்டாப்பை ஷோபா பக்கம் திருப்பினேன். அவள் புதுப் பாஸ்வேர்டை அடித்தாள். வைஃபை கிடைத்துவிட்டது. மூடியிருந்த கணக்காக இருந்தால் கிடைத்திருக்குமா? காலையிலிருந்து வராத மெயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக வந்தது சுனிதா மேடத்தின் மெயில். ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது, இன்றே கடைசி நாள், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்.

ஷோபா அதைப் படித்தாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் எழுந்து லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினார். பின்னாலேயே அவளும் ஓடினாள். ஒப்படைக்க வேண்டிய லேப்டாப்போடு நானும் போனேன்.

சுனிதா மேடம் அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

"மேடம், ஷோபா மேடம் தெரியாம ரிசைன் போட்டுட்டாங்க. கேன்சல் பண்ணணும்," என்றார் குணசேகர். மூச்சு வாங்கியது.

"தெரியாம எப்டி போடுவாங்க குணசேகர்? ஷோபா பேரு எங்ககிட்ட இல்லவே இல்ல. அவங்க செக்ஷன்ல அனுஷாவைத்தான் எடுக்கறதா இருந்துது. ஷோபா தானா போறாங்கன்னு வந்ததும் அனுஷாவை விட்டுட்டோம். இப்ப போயி மறுபடி எப்டி மாத்தறது?"

"இன்சூரன்ஸ் மட்டுமாவது கொஞ்ச நாள் மேடம்," என்றாள் ஷோபா. "வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்."

"நாங்க எடுத்தா மூணு மாசத்துக்கு இன்சூரன்ஸ் குடுக்கறோம். தானா போறவங்களுக்கு அது கிடையாதும்மா." சுனிதா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் மோசமான மனுஷி என்று சொல்ல மாட்டேன், வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறார். "ஒண்ணு பண்ணலாம். யாராவது உங்களுக்குத் தப்பா சொல்லி நீங்க போட்டிருந்தா, அது யாருன்னு சொல்லுங்க. அவங்க பேச்சை நம்பி நடந்த தப்புன்னு நான் மேல பேசிப் பாக்கறேன். யாரு சொன்னது?"

குணசேகர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும், நான்தான் என்று. அவர் வேலை போகும், அவள் வேலை பிழைக்கும். செருமினார். நானும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. ஆஸ்டின் டவுன் வீட்டில் அவருக்கும் பெண்டாட்டியும் காலேஜ் போகிற இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்.

ஷோபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசட்டும் என்று அண்ணனுக்கு நிறைய நேரம் கொடுத்தாள். பிறகு சுனிதா மேடம் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் போட்டேன்."

சுனிதா மேடம் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். நான் லேப்டாப்பை மேசையில் வைத்தேன்.

வெளியே வராந்தாவில் குணசேகர் அவள் கையைப் பிடித்தார். "ஷோபா, நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அவள் அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் பொய் சொன்னியேண்ணா. எனக்கும் அதே பொய்யைச் சொல்லியிருந்தா அரை மணி நேரம் உக்காந்துட்டு என் சீட்டுக்குப் போயிருப்பேன்."

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா. அவர்கிட்ட நீயே சொல்லு, நாளைலேருந்து டயாலிசிஸ் கிடையாதுன்னு. உனக்குத்தான் பொறுமையா சொல்ல வரும்."

சாப்பாட்டுப் பையை எடுக்கத் தன் இடத்துக்குப் போனாள். ஐடி கார்டு இல்லாததால் அவள் மாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. செக்யூரிட்டிதான் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து கொடுத்தான்.